அமிர்தத்தின் வயது

பினாங்குத் துறைமுகத்தில் காகிதம் பார்க்கும் மேசைக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் நின்றோம். நான், என் தங்கை தையல்நாயகி, அவள் மகள் அமிர்தம். கப்பலை விட்டு இறங்கி வெகுநேரம் ஆகியும் தரை ஆடிக்கொண்டிருந்தது. அதிகாரி என் தாளில் முத்திரை குத்தினார். தங்கையின் தாளிலும் குத்தினார். அமிர்தத்தின் பாஸ்போர்ட்டை எடுத்தவர், அதன் பக்கத்தில் அவளுடைய அனுமதிச் சீட்டை வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு வரியை விரலால் மாறி மாறித் தொட்டார்.

பக்கத்தில் நின்ற தமிழர் எங்களுக்குச் சொன்னார்: “அப்பா இங்க எழுதிக் கொடுத்த மனுவுல பொண்ணுக்குப் பதினாலு வயசு. பாஸ்போட்டுல பதினஞ்சு முடிஞ்சு போச்சு. பதினஞ்சு முடிஞ்சா அப்பா பேர்ல உள்ள வர முடியாது லா. எது சரி?”

“பதினாலுதாங்க ஐயா. நான் பெத்தவ சொல்றேன்” என்றாள் தங்கை.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பது என் தாளில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் அமிர்தத்துக்கு மட்டும் ஒரு மாதம் தங்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார். மலாக்கா அலுவலகத்தில் வயதை நிரூபித்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் வந்த வழியே போக வேண்டும்.

தங்கையின் கணவர் பக்கிரிசாமி மலாக்காவில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் எஞ்சின் டிரைவர். அமிர்தத்துக்கு மூன்று வயதாக இருக்கும்போது கப்பலேறியவர். நடுவில் ஒரே ஒரு முறை வந்து நான்கு மாதம் இருந்துவிட்டுப் போனார். நாங்கள் போன சமயம் மலாயா சுதந்திரம் வாங்கி ஓராண்டு ஆகியிருந்தது. கூலி வேலைக்கு என்று வருகிறவர்களை அப்போது உள்ளே விடுவதில்லை. பக்கிரிசாமி எஞ்சின் பரீட்சை எழுதித் தேறியவர். இந்த வேலைக்கு இவரைப் போல ஆள் கிடைக்காது என்று முதலாளி ஒரு கடிதம் கொடுத்தார். அதன் பேரில்தான் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ள அனுமதி வந்தது. அதுவரை அவர்கள் இருந்தது என் வீட்டில். எனக்கும் என் மனைவி கோமதிக்கும் பிள்ளை இல்லை. இருவரையும் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்புவது என்று ஏற்பாடு.

பினாங்கிலிருந்து போகும் ரயிலில் தங்கை ஓயாமல் புலம்பினாள். “எந்தப் பாவி கிளார்க்கோ தப்பா எழுதிட்டான் பாருண்ணே. அவன் கையி வெளங்குமா?”

நான் ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக எழுதியவன் எந்தக் கிளார்க்கும் இல்லை. நான்தான். அமிர்தத்துக்கு நாலு வயது நடக்கும்போதே என் பின்னால் பள்ளிக்கூடம் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். ஐந்து முடியாமல் சேர்க்கக் கூடாது. அட்மிஷன் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. பிறந்த வருஷத்தில் ஒன்றைக் குறைத்து எழுதினேன். எங்கள் பக்கத்தில் யார்தான் செய்யவில்லை? அந்த வருஷமே சான்றிதழுக்குப் போய், சான்றிதழிலிருந்து பாஸ்போர்ட்டுக்குப் போயிற்று. தாலுக்கா ஆபீஸில் பிறப்புப் பதிவின் நகல் வாங்கியிருக்கலாம். வாங்கினால் இரண்டும் ஒத்துப்போகாது என்று தெரிந்துதான் வாங்கவில்லை.

மலாக்காவுக்குப் போகிறவர்கள் தம்பின் ஸ்டேஷனிலேயே ரயிலை விட்டு இறங்கிவிட வேண்டும். முன்பு மலாக்கா வரைக்கும் தண்டவாளம் இருந்ததாம். யுத்தத்தின்போது ஜப்பான்காரர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். மிச்ச தூரத்துக்குப் பஸ். பாதி வழியில் ஒரு டயர் வெடித்தது. அதே நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் மழை வருவதற்கு முன் ஒரு காற்று, ஒரு வாசனை என்று ஏதாவது இருக்கும். இங்கே முன்னறிவிப்பே இல்லை. சீன டிரைவர் சட்டையைக் கழற்றி சீட்டில் வைத்துவிட்டு இறங்கினார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து இருக்கையில் இருந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி அமிர்தத்தின் மடியில் ரம்புத்தான் பழங்களைக் கொட்டினாள். முள்முள்ளாக இருந்ததைப் பார்த்து இவள் தயங்கினாள். அந்தப் பெண் ஒன்றை நகத்தால் கீறி உரித்து நீட்டி, ஏதோ சொன்னாள். முன்னாலிருந்த ஒருவர் திரும்பி, “பயப்படாத, அது கடிக்காதுன்னு சொல்லுது” என்றார். அமிர்தம் சிரித்தாள். பினாங்குக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மலாக்கா பஸ் நிலையத்தில் பக்கிரிசாமி குடையோடு நின்றிருந்தார். மழை விட்டு வெகுநேரம் ஆகியும் குடையை மடக்கவில்லை. தலை முன்பக்கம் நரைத்திருந்தது. தங்கை அவரைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் அவளைத் தாண்டி அமிர்தத்தைப் பார்த்தார். அவ்வளவு உயரமாக இருப்பாள் என்று நினைக்கவில்லை போல. “வாங்க” என்றார். சொந்த மகளை, யாரோ வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல, “வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமா?”

அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அதைப் பார்த்து எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பக்கிரிசாமி குடியிருந்தது காஜா பேராங்கில், செட்டிகளின் கம்போங் என்கிற குடியிருப்பில். நம் ஊர்ச் செட்டியார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பல தலைமுறைக்கு முன் இங்கே வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்களின் வழி. வீட்டுக்கார அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கைலியும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, நெற்றியில் விபூதியும் குங்குமமும் வைத்திருந்தார். வாசல் நிலையில் மாவிலை காய்ந்து தொங்கியது. உள்ளே மாரியம்மன் படம். ஆனால் தமிழ் வராது. பேசுவது ஒருவகை மலாய். அதில் நடுநடுவே ‘சாமி’, ‘பொங்கல்’ என்று நம் வார்த்தை தலைகாட்டும். அத்தை, பெரியம்மா என்பது போல எல்லோரும் அவரை மக்சிக் என்றார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

முதல் நாள் சாப்பாடு அவர் வீட்டில்தான். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, புளி விட்ட மீன், பெலச்சான் என்கிற இறால் விழுது வைத்து இடித்த சம்பல். அந்தப் பெலச்சானின் வாடைக்குத் தங்கை மூக்கைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் கடற்கரையில் கருவாடு தின்று வளர்ந்தவள்தான். “மாக்கான், மாக்கான்” என்று, சாப்பிடச் சொல்லி மக்சிக் அமிர்தத்தின் தட்டில் அள்ளிப் போட்டார். அமிர்தம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

பக்கிரிசாமி பின்கட்டு அறையை இரண்டாகத் தடுத்திருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கட்டில், ஒரு மேசை. ஐஸ் பெட்டிப் பலகைகளை இழைத்து அவரே செய்தது. மேசையின் மூலைகளை எல்லாம் உருட்டித் தேய்த்திருந்தார். “புள்ள இடிச்சிக்கக் கூடாதுல்ல மச்சான்” என்றார். அவர் மனத்தில் இன்னும் மூன்று வயதுக் குழந்தைதான் இருந்திருக்கிறது.

மறுநாள் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி ஒரு மலாய்க்காரர். என்னைவிட வயதில் சிறியவர், மரியாதையானவர். ஜாதகத்தை எடுத்து நீட்டினோம். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அங்கிருந்த தமிழ் கிளார்க் சொன்னார்: “இது செல்லாதுங்க. பள்ளிக்கூட சர்டிபிகேட் ஒன்னு சொல்லுது. அது தப்புன்னா, தப்புன்னு யாராச்சும் எழுதிக் கொடுக்கணும். எழுதின ஆளே சொன்னா நல்லது.”

“எழுதுன ஆளு எங்க கெடக்கானோ” என்றார் பக்கிரிசாமி.

எழுதின ஆள் அவருக்கு இடது பக்கத்தில், தோள் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால், வேலை போய்விடும் என்ற பயம் என்று சொல்லலாம். அது உண்மைதான். பதிவேட்டில் பொய் எழுதிய வாத்தியாரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஆனால் முழு உண்மை அது அல்ல. அன்று மத்தியானம் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து கோமதிக்குக் கடிதம் எழுதினேன். ‘அமிர்தம் என்னோடு திரும்பி வரும்படி ஆகலாம் போலிருக்கிறது’ என்று எழுதியபோது என் கையெழுத்து அழகாக வந்தது. அதைப் படித்ததும் கோமதியின் முகம் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். உடனே கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டேன்.

நாலாம் நாள் பக்கிரிசாமி எங்களை ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்கு அழைத்துப் போனார். மகளுக்குப் பள்ளி உடுப்புக்கு நீலத் துணி எடுக்க வேண்டுமாம். சீட்டு ஒரு மாதத்துக்குத்தான் இருக்கிறது என்பதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கடைக்காரர் நாகூர் பக்கத்து முஸ்லிம். இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறதாம்.

“தங்கச்சிக்கு என்ன வயசு?” என்று அமிர்தத்தைக் காட்டி, துணியை அளந்தபடி கேட்டார்.

பக்கிரிசாமி மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

கடைக்காரர் அளவுகோலைக் கீழே வைத்தார். “தம்பி, எப்படியாச்சும் இந்தத் தடவையே முடிச்சிருங்க. சட்டத்த இன்னும் இறுக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. இப்ப திரும்பிப் போன புள்ள பெறகு வர முடியாது. என் அண்ணன் குடும்பம் அங்க, அண்ணன் இங்க. இப்பிடியே கெழவனாயிட்டாரு.”

தங்கை கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கிரிசாமி துணியை வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். “ஒரு கஜம் கூடவே வெட்டுங்க, வளர்ற புள்ள” என்றார்.

ஆறாம் நாள் அவர் தொழிற்சாலையைப் பார்க்கப் போனோம். நானும் அமிர்தமும் மட்டும். எஞ்சின் அறைக்குள் நுழைந்ததும் அம்மோனியா வாடை கண்ணைக் கரித்தது. வீட்டில் வாயில்லாப் பூச்சியாக இருக்கும் மனிதர் அங்கே வேறு ஆளாக இருந்தார். ஒரு குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டு, ஒரு திருகாணியைக் கால் சுற்று திருப்பினார். முதலாளி சீனர் வந்து என்னோடு கைகுலுக்கினார். அவர் மலாயில் சொன்னதைப் பக்கிரிசாமி கூச்சத்தோடு எனக்குச் சொன்னார்: “நான் வேலைய விடப்போறேன்னு சொல்லியிருந்தேன். வேண்டாம்னு உங்ககிட்ட சொல்லச் சொல்றாரு.”

“வேலையை விடப்போறீங்களா?”

“பின்ன என்ன மச்சான்? புள்ளைய அனுப்பிட்டு நாங்க ரெண்டு பேரும் இங்க என்ன செய்யிறது? எல்லாரும் ஊருக்கே வந்துடறோம். அங்க ரைஸ் மில்லுல ஏதாச்சும் கெடைக்கும்.” எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். “பதினோரு வருசம் நீங்க வளர்த்த புள்ள. நான் பாத்தது கொஞ்ச நாள். ஒங்களுக்குத்தான் சேரணும்னாலும் அது ஞாயந்தான்.”

நான் வெளியே வந்துவிட்டேன். அமிர்தமும் வந்தாள். ஆற்றோரமாக நடந்தோம். படகுகளில் ஐஸ் கட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் அவை புகைந்தன.

“மாமா” என்றாள். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“எதை?”

“பதிவேட்ட. அஞ்சாவது படிக்கிறப்ப, எடுத்துட்டு வரச் சொன்னீங்கள்ல, அப்ப பாத்தேன். ஒங்க கையெழுத்துதான். பினாங்குலயே எனக்குத் தெரியும். சொன்னா ஒங்க வேலை போயிடும்ல. நான் ஒங்ககூடவே வந்துடுறேன். அத்தையும் தனியாத்தானே இருக்காங்க.”

அவள் அழவில்லை. கடையில் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொன்னாள். பதினாலு வயதுப் பெண், எனக்காக ஆறு நாளாக வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். நானோ அவளை என் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகலாம் என்ற ஆசையில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறேன். நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஒரு ரிக்‌ஷாக்காரர் மணியடித்து, சுற்றிக்கொண்டு போனார்.

“உனக்கு எங்கே இருக்கணும் அமிர்தம்? எனக்காகச் சொல்லாதே.”

“இங்க வந்தப்புறம் அம்மா ரெண்டு தடவ சத்தமா சிரிச்சிச்சு மாமா. நம்ம வீட்டுல அம்மா அப்பிடிச் சிரிச்சி நான் பாத்ததில்ல” என்றாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். பக்கிரிசாமி வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, அவரையும் தங்கையையும் உட்கார வைத்துச் சொன்னேன். எழுதியது நான்தான் என்று. பினாங்கிலிருந்தே தெரியும் என்று. கோமதிக்கு எழுதிய கடிதத்தையும் சொன்னேன். மக்சிக் கதவருகே வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “பள்ளிக்கூடத்துல எழுதினதுக்கு ஒன்னும் சொல்லலண்ணே. புள்ள படிக்கணும்னு செஞ்சே. ஆனா ஆறு நாளா நான் அழுவுறத பாத்துட்டு இருந்தியே. எப்படிண்ணே முடிஞ்சுது ஒனக்கு?”

 

பக்கிரிசாமி எழுந்து போனார். அடிக்க ஏதாவது எடுக்கப் போகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சலவைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். “வாங்க மச்சான். இன்னும் அரை மணி ஆபீஸ் தெறந்திருக்கும்.”

அதிகாரியின் முன்னால் நின்று சொன்னேன். என் அரைகுறை இங்கிலீஷ் போதாத இடத்தில் தமிழ் கிளார்க் கைகொடுத்தார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

“அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பொய் எழுதினீர்கள். இன்றைக்குப் பிள்ளையை நாட்டுக்குள் சேர்ப்பதற்காகப் பொய் சொல்லவில்லை என்று எப்படி நம்புவது?”

“அன்னைக்கு எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை ஐயா. இன்னைக்கு இதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை போகலாம். அந்தப் பிள்ளையும் என் வீட்டைவிட்டுப் போகும்.”

கிளார்க் அதை மொழிபெயர்க்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அதிகாரி என் வாக்குமூலத்தை எழுதி வாங்கினார். ஒரு பிரதி எங்கள் ஊர்க் கல்வி அதிகாரிக்கு அனுப்பப்படும் என்று முன்கூட்டியே சொன்னார். சொல்லாமலும் அனுப்பியிருக்கலாம். கையெழுத்துப் போட்டேன். ஆனாலும் பிறப்புப் பதிவின் நகல் வேண்டும், சீட்டு முடிவதற்குள் வேண்டும் என்றார்.

தபாலாபீஸில் தந்தி எழுத உட்கார்ந்தபோதுதான் யாருக்கு எழுதுகிறேன் என்பது உறைத்தது. தாலுக்கா ஆபீஸுக்குப் போய் நகல் வாங்கக்கூடியவள் கோமதி ஒருத்திதான். அமிர்தம் திரும்பி வரக்கூடும் என்ற என் கடிதம் அநேகமாக அந்த வாரத்தில்தான் அவள் கைக்குப் போய்ச் சேரும். அவள் அமிர்தத்துக்குத் தலைவாரிப் பூ வைத்தவள். காய்ச்சலில் பக்கத்தில் கிடந்தவள். தந்தியில் மன்னிப்புக் கேட்க இடமில்லை. ‘அமிர்தம் இங்கே தங்க பிறப்பு நகல் தேவை. விமானத் தபாலில் உடனே அனுப்பு’ என்று மட்டும் எழுதினேன்.

அதற்குப் பிறகு காத்திருந்த நாட்களில் ஊர் சுற்றினேன் என்று சொல்ல முடியாது. காலையில் கம்போங்கில் இருந்த கோயில்களில் ஏதாவது ஒன்றில் உட்காருவேன். தங்கை சோறு போடுவாள், பேசமாட்டாள். அமிர்தம் மக்சிக்கின் சமையலறையிலேயே கிடந்தாள். ஒரு நாள் இருவரும் சைகையும் அரைகுறை மலாயுமாக ஏதோ வழக்காடிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று பக்கிரிசாமியைக் கேட்டேன். சம்பலில் மிளகாய் அதிகம் என்று மகள் சொல்கிறாளாம். உன் ஊரில் மிளகாய் இல்லையா என்று மக்சிக் கேட்கிறாராம். பக்கிரிசாமி அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நகல் வந்தது. நான் எதிர்பார்த்ததற்கு நாலைந்து நாள் முன்னாலேயே வந்தது. தந்தி கிடைத்த அன்றே போய், மறுநாளும் போய், ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு சீக்கிரம் கிடைக்கிற காகிதம் அல்ல அது. உறைக்குள் துழாவிப் பார்த்தேன். நகல் மட்டும்தான் இருந்தது. ஒரு வரிக் கடிதம்கூட இல்லை.

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அமிர்தத்தின் சீட்டில் பெரிய முத்திரையாகக் குத்தி, அவள் கையிலேயே கொடுத்தார். அவள் அதை நேராகத் தன் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். பக்கிரிசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைகீழாகப் பிடித்திருப்பது தெரியாமல் படித்துக்கொண்டிருந்தார்.

நான் புறப்பட்ட காலையில் தங்கை ஒரு டப்பாவில் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். “அண்ணிகிட்ட சொல்லு. வருசா வருசம் அமிர்தத்தோட போட்டோ அனுப்பச் சொல்றேன்னு.” பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தாள். அது மன்னிப்பா என்று எனக்குத் தெரியாது. அமிர்தம் அழுதுகொண்டே இருந்தாள். அவள் தோளில் பக்கிரிசாமி கை வைத்திருந்தார், அவள் ஒதுங்கவில்லை.

வேலை போகவில்லை. விசாரணை நடந்தது. தலைமையாசிரியராகப் பதவி உயர்வு இனி இல்லை என்று எழுதிக் கொடுத்து, வேறு தாலுக்காவில் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். அந்த மலாய் அதிகாரி வாக்குமூலத்தோடு எனக்குச் சாதகமாக ஒரு வரி எழுதியிருந்ததாக விசாரணையில் தெரிந்தது. ஆனால் அதெல்லாம் பின்னால்.

நாகப்பட்டினத்தில் கப்பல் தூரத்திலேயே நின்றுவிட, படகில் கரைக்கு வந்தோம். கோமதி கூட்டத்தில் முன்னால் நின்றிருந்தாள். தாலுக்கா ஆபீஸில் நகல் வாங்கி அனுப்பியவளே அவள்தான். எல்லாம் தெரிந்தவள். நான் படகிலிருந்து இறங்கி மணலில் நடந்து அவள் எதிரில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, படகில் மிச்சமிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோமதி” என்றேன்.

“தெரியும். சும்மாதான் பாத்தேன்” என்று சொல்லி, என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.